அதிக ஓட்டம் கொடுத்தவர்கள்



போன வெள்ளிக்கிழமை நம் ஊர் மென்பந்துச் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்தில் என்ன நடந்தது என்று மைதானத்துக்கு வராதவர்களுக்கும் தெரியும், வீடியோ வந்துவிட்டதே. கடைசி ஓவரில் எதிரணிக்கு 22 ஓட்டங்கள் தேவை. நான்கு பந்தில் ஆட்டம் முடிந்தது. நான்கும் தென்னந்தோட்ட வேலிக்கு அப்பால். அதற்குப் பாட்டுப் போட்டு, கழுதை கத்தும் சத்தமும் சேர்த்து, இஷாவுக்கு முன்பே எல்லா வட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

நாமும் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் சிரித்தோம். திரும்பவும் போட்டுப் பார்த்தோம்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை உம்மா வந்து, "இனி கிரவுண்ட் பக்கமே போக மாட்டானாம் சேர், சப்பாத்தையும் சாச்சாட மவனுக்குக் குடுத்துட்டான்" என்று சொன்னபோதுதான் நமக்குச் சுருக்கென்றது. அதே நாள் இரவு ஒரு குழுவில், பரிசளிப்பு விழாவில் 'அதிக ஓட்டம் கொடுத்தவர்' என்று ஒரு விருதும் வைக்கலாமே, ஒரு சோடி தேங்காய் கொடுப்போமே என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் நல்ல மனிதர்கள்தான். பகிடிக்கு எழுதியது.

சரி, விருது கொடுக்கிறதென்றால் உலகத்தில் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேடிப் போனால், முதலில் நம் நாட்டு மைதானத்திலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1997 ஓகஸ்ட், கொழும்பு ஆர். பிரேமதாச மைதானம், இந்தியாவுடன் டெஸ்ட். நம் வயதுக்காரர்களுக்கு நல்ல ஞாபகம் இருக்கும். கார் பெட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி முன்னால் இருபது பேர் குந்தியிருப்போம். பெட்டரி இறங்கிவிட்டால் வானொலி. இந்தியா 8 விக்கெட்டுக்கு 537 எடுத்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. இரண்டாம் நாள் மாலையில் நிலேஷ் குல்கர்னி என்ற இளம் இடதுகைச் சுழல் பந்துவீச்சாளரிடம் பந்தைக் கொடுத்தார்கள். அவருக்கு அது முதல் டெஸ்ட். முதல் பந்திலேயே மாவன் அத்தபத்து ஆட்டமிழந்தார். டெஸ்டில் தன் முதல் பந்தில் விக்கெட் எடுத்த முதல் இந்தியர் அவர்தான். இலங்கை ஒரு விக்கெட்டுக்கு 39.

அடுத்த விக்கெட் விழுந்தபோது இலங்கை 615.

இடையில் இரண்டு முழு நாட்கள். மூன்றாம் நாள் காலையில் களத்துக்குப் போன சனத் ஜயசூரியவும் ரொஷான் மஹாநாமவும் நான்காம் நாள் மாலை கைகோத்துத் திரும்பி வந்தார்கள். இணைப்பாட்டம் 576. ஐந்தாம் நாள் 615 என்ற அதே எண்ணிக்கையில் இருவரும் போனார்கள், மஹாநாம 225, ஜயசூரிய 340. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தபோது இலங்கை 6 விக்கெட்டுக்கு 952. டெஸ்டில் இன்றுவரை அதைத் தாண்டி ஓர் அணியும் எடுக்கவில்லை.

அந்த 952ஐ நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அந்தப் பந்துகளையெல்லாம் போட்டது யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ராஜேஷ் சௌகான் 78 ஓவர், 276 ஓட்டங்கள், ஒரு விக்கெட். அனில் கும்ப்ளே 72 ஓவர், 223, ஒரு விக்கெட். குல்கர்னி 70 ஓவர், 195, ஒரு விக்கெட், அதுவும் அந்த முதல் பந்தில் கிடைத்ததுதான். அதன் பிறகு வீசிய 419 பந்துகளில் ஒன்றும் இல்லை. ஓகஸ்ட் மாதக் கொழும்பு வெயிலில் நின்று 78 ஓவர் வீசுவதென்றால் 468 தடவை ஓடி வந்து கையைச் சுற்ற வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டு ஓவர் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் தேடுகிறார்கள்.

சௌகானுக்கு அந்தக் கணக்கில் கிடைத்த ஒரு விக்கெட் ஜயசூரியவுடையது, 340இல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சௌகான் மொத்தம் 21 டெஸ்ட் விளையாடினார். 12இல் இந்தியா வென்றது, 9 சமநிலை. அவர் இருந்த ஒரு டெஸ்டிலும் இந்தியா தோற்கவில்லை. கும்ப்ளே கதை எல்லோருக்கும் தெரிந்தது. கொழும்பில் 223 கொடுத்த அதே மனிதர் 1999 பெப்ரவரியில் டில்லியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் ஒரே இன்னிங்ஸில் 74 ஓட்டங்களுக்கு எடுத்தார். குல்கர்னிக்கு அப்படி நல்ல முடிவு அமையவில்லை. மூன்றே டெஸ்ட், மொத்தம் இரண்டு விக்கெட். ஆனாலும் அந்த முதல் பந்தை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

சௌகானை விட அதிகம் கொடுத்தவரும் உண்டு. 1938இல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 903 எடுத்தபோது அவுஸ்திரேலியாவின் பிளீட்வுட் ஸ்மித் 87 ஓவரில் 298 கொடுத்தார். ஒரு விக்கெட். டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஒருவர் கொடுத்த ஆகக்கூடிய ஓட்டம் அதுதான், 80 வருடத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது. அந்த ஆட்டத்தில் பிரட்மன் தானும் பந்துவீசப் போய்க் கணுக்காலை உடைத்துக்கொண்டார் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். முந்தைய வருடம் அடிலெய்டில் ஹமண்டை வீழ்த்தி ஆஷஸ் தொடரையே திருப்பியவர் இதே பிளீட்வுட் ஸ்மித்.

ஆனால் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது 1958ஆம் ஆண்டு ஜமைக்கா கிங்ஸ்டன் டெஸ்ட். சோபர்ஸ் 365 எடுத்து உலக சாதனை செய்த ஆட்டம் என்று புத்தகங்களில் படித்திருப்போம். பாகிஸ்தான் பக்கமிருந்து பார்த்தால் அது வேறு கதை. மஹ்மூத் ஹுசைன் ஐந்து பந்து வீசியதும் தசை பிடித்து வெளியே போய்விட்டார். சின்னப் பையன் நசீமுல் கனிக்கு பெருவிரல் உடைந்தது. தலைவர் கர்தார் ஏற்கெனவே உடைந்த விரலோடு நின்று 37 ஓவர் வீசினார். மிச்சத்தை யார் வீசுவது? பஸல் மஹ்மூத் 85 ஓவர் 2 பந்து, 247 ஓட்டம், 2 விக்கெட். கான் முஹம்மத் 54 ஓவர், 259 ஓட்டம், விக்கெட் இல்லை. விக்கெட்டே இல்லாமல் ஒரு இன்னிங்ஸில் ஆகக்கூடிய ஓட்டம் கொடுத்தவர் என்று கான் முஹம்மத் பெயர் இன்றும் நிற்கிறது. பட்டியலில் 54-5-259-0 என்றுதான் இருக்கும். இரண்டு பேர் காயப்பட்டுப் போனதற்கு அந்த வரியில் இடமில்லை. பாகிஸ்தான் டெஸ்ட் வரலாற்றில் முதல் விக்கெட்டை எடுத்தவர் அவர் என்பதும் அதில் இல்லை. 13 டெஸ்டில் 54 விக்கெட், சராசரி 24க்கும் கீழே. இன்றைக்கு எத்தனை பேரிடம் அந்தச் சராசரி இருக்கிறது?

இப்போது ஒருநாள் ஆட்டம். இதில் நம் நாட்டுக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

1987 உலகக் கிண்ணம், கராச்சி. விவியன் ரிச்சர்ட்ஸ் 181 அடித்த நாள். அசந்த டி மெல் 10 ஓவரில் 97. நான்கு வருடம் முன்பு 1983 உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 5, அடுத்து நியூசிலாந்துக்கு எதிராக 5 என்று இரண்டு ஆட்டம் தொடர்ந்து எடுத்தவர் அவர். அந்த நியூசிலாந்து ஆட்டத்தில் நாம் வென்றோம்.

2006 பெப்ரவரி, சிட்னி. அவுஸ்திரேலியா 368. பத்து ஓவர், விக்கெட் இல்லை, 99 ஓட்டம். வீசியவர் முத்தையா முரளிதரன். ஆம், முரளிதான். அன்றைக்கு வட்ஸ்அப் இருந்திருந்தால் கழுதைச் சத்தம் போட்டிருப்போமோ என்னவோ. அதே வருடம் ஜூனில் நொட்டிங்ஹமில் இங்கிலாந்துக்கு எதிராக 70 ஓட்டத்துக்கு 8 விக்கெட் எடுத்து டெஸ்ட் தொடரைச் சமப்படுத்தினார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 90 டெஸ்ட் விக்கெட்.

2012இல் ஹோபார்ட்டில் மாலிங்க, எட்டு ஓவர்கூட முழுதாக இல்லை, 96 ஓட்டம். விராட் கோஹ்லி அடித்த அடி. இரண்டு வருடம் கழித்து இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அணித்தலைவர் அதே மாலிங்க.

முரளியின் 99ஐத் தாண்டியவர் நுவன் பிரதீப். இவரைப் பற்றி நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்கே இதே கரையோரம் நீர்கொழும்பில் பிறந்தவர். இருபது வயது வரைக்கும் மென்பந்துதான் விளையாடினார். ஒரு மென்பந்துப் போட்டியில் கண்டெடுத்துத்தான் கடினப்பந்துக்குக் கொண்டுபோனார்கள். 2017 டிசம்பர் 13, மொஹாலி. ரோஹித் சர்மா ஆட்டமிழக்காமல் 208. பிரதீப் 10 ஓவர், 106 ஓட்டம், விக்கெட் இல்லை. அதற்கு முன் ஒருநாள் ஆட்டத்தில் எந்த இலங்கையரும் நூறைத் தொட்டதில்லை.

அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. 2019 உலகக் கிண்ணத்தில் கார்டிப் நகரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக நாம் 201க்குச் சுருண்டோம். முதல் ஆட்டத்தில் நியூசிலாந்திடம் பத்து விக்கெட்டால் தோற்ற கையோடு இதுவும் போய்விடும் என்று தொலைக்காட்சியை நிறுத்தியவர்கள் நம் ஊரில் உண்டு. பிரதீப் 31 ஓட்டத்துக்கு 4 விக்கெட். ஆப்கானிஸ்தான் 152. ஆட்டநாயகன் அவரே.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளை ஏமாற்றியதாகும். 2006 மார்ச் 12, ஜொஹனஸ்பேர்க்கில் அவுஸ்திரேலியா 434 எடுத்தும் தோற்ற அந்தப் பிரபலமான ஆட்டத்தில் மிக் லூயிஸ் 10 ஓவரில் 113 கொடுத்தார். அதன் பிறகு அவுஸ்திரேலியா அவரை ஒரு ஒருநாள் ஆட்டத்துக்கும் கூப்பிடவில்லை. ஏழு ஆட்டத்தோடு சரி. ஆனால் அவர் பந்தைக் கைவிடவில்லை. பின்னாளில் விக்டோரியா மாநில அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளரானார். 113 ஓட்டம் அடிபட்டவரிடம் படிக்கிற பையனுக்கு, மோசமான நாளில் என்ன செய்வதென்று கேட்க ஒரு ஆள் இருக்கிறது.

இனி ஒரு கணக்குப் பாடம். டெஸ்ட் வரலாற்றில் ஆகக்கூடிய விக்கெட் எடுத்த நான்கு பேர் யார்? முரளிதரன் 800, ஷேன் வோர்ன் 708, ஜேம்ஸ் அண்டர்சன் 704, கும்ப்ளே 619. இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். டெஸ்ட் வரலாற்றில் ஆகக்கூடிய ஓட்டங்களைக் கொடுத்த நான்கு பேர் யார்? பத்தாம் வகுப்பில் கேட்டோம். ஒருவரும் சொல்லவில்லை, யாரோ ஒரு பிள்ளை பங்களாதேஷ் வீரர்கள் என்றது. விடை: அண்டர்சன் 18,627, கும்ப்ளே 18,355, முரளிதரன் 18,180, வோர்ன் 17,995.

அதே நான்கு பேர். வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. பிறகு பின்வாங்கில் ஒரு பிள்ளை, "அப்ப சேர், கூட ஓவர் போட்டவங்கதானே கூட அடியும் வாங்குவாங்க" என்றது. நாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முரளி டெஸ்டில் வீசியது 44,039 பந்து, வேறெவரும் அவ்வளவு வீசவில்லை. இத்தனைக்கும் 1995 டிசம்பர் 26 மெல்பர்ன் மைதானத்தின் நடுவில் நிற்க வைத்து, மூன்று ஓவருக்குள் ஏழு தடவை நோபோல் என்று கை நீட்டினார்கள். அன்றே பந்தைக் கீழே போட்டிருந்தால் 18,180 ஓட்டம் அவர் கணக்கில் ஏறியிருக்காது. 800ம் இருந்திருக்காது.

அமெரிக்காவில் பேஸ்போல் என்று ஒரு விளையாட்டு இருக்கிறதல்லவா, அங்கே இந்தக் கணக்கு இன்னும் கொடுமை. ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் பந்து எறிகிறவர் ஒருவரின் பெயரில் எழுதிவிடுவார்கள். மற்ற எட்டுப் பேர் பந்தைத் தவறவிட்டாலும் தோல்வி அவர் பெயரில்தான். சை யங் என்பவர் 511 வெற்றியோடு முதலிடம். ஆகக்கூடிய தோல்வியும் அவர் பெயரில்தான், முந்நூறுக்கு மேல். ஒவ்வொரு வருடமும் சிறந்த பந்தெறிவாளருக்குக் கொடுக்கிற விருதுக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பில் நீக்ரோ என்று இன்னொருவர், 1979இல் தன் லீக்கில் ஆகக்கூடிய வெற்றி, ஆகக்கூடிய தோல்வி இரண்டிலும் முதலிடம்: 21 வெற்றி, 20 தோல்வி. 1977 முதல் நான்கு வருடம் தொடர்ந்து தோல்விப் பட்டியலில் முன்னுக்கு நின்றவர், பின்னாளில் அந்த விளையாட்டின் பெருமைக் கூடத்தில் சேர்க்கப்பட்டார். 2003இல் டெட்ரொய்ட் அணி 119 ஆட்டம் தோற்றது. அந்த அணியின் மைக் மரோத் பெயரில் மட்டும் 21 தோல்வி. தோற்கிற அணியிலும் ஐந்து நாளைக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் போய் அந்த மேட்டில் ஏறி நிற்கத்தானே வேண்டும்.

நம் பிள்ளையின் நான்கு சிக்ஸருக்கு நெருங்கிய கதை அகில தனஞ்சயவுடையது. 2021 மார்ச் 3, அன்டிகுவா, மேற்கிந்தியத் தீவுகளுடன் இருபதுக்கு 20. லூயிஸ், கெய்ல், பூரன் மூவரையும் அடுத்தடுத்த பந்துகளில் எடுத்து ஹெட்ரிக். அவருடைய அடுத்த ஓவரில் பொல்லார்ட் ஆறு பந்துக்கும் ஆறு சிக்ஸர். ஒரே மாலை, ஒரே கை, இடையில் சில நிமிடம். அந்த நாளை நல்ல நாள் என்று எழுதுவதா, கெட்ட நாள் என்று எழுதுவதா? ஸ்கோர் புத்தகத்தில் இரண்டும் இருக்கிறது: 4 ஓவர், 62 ஓட்டம், 3 விக்கெட்.

யுவராஜ் சிங்கிடம் 2007இல் ஆறு சிக்ஸர் வாங்கிய ஸ்டுவர்ட் புரோட்டுக்கு அப்போது வயது 21. ஓய்வு பெறும்போது 604 டெஸ்ட் விக்கெட். 1968இல் சோபர்ஸிடம் முதன்முதலாக ஆறு வாங்கிய மல்கம் நாஷ் முதல்தரப் போட்டிகளில் 993 விக்கெட் எடுத்தவர். அவர் பெயரைச் சொன்னால் அந்த ஆறு பந்துதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது, அது வேறு விடயம்.

இனி நம் மைதானத்துக்கு வருவோம்.

சுற்றுப்போட்டிக்கு ஸ்கோர் எழுதிய தம்பியிடம் அந்தக் கொப்பியை வாங்கி வந்து நேற்றிரவு முழுக்கப் புரட்டினோம். நம் அணியில் ஐந்து ஆட்டத்திலும் கடைசி ஓவர் வீசியது அந்தப் பிள்ளை ஒருவர்தான். அணியில் அதிக ஓவர் வீசியதும் அவர். அதிக ஓட்டம் கொடுத்ததும் அவர், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அதிக விக்கெட் எடுத்ததும் அவர்தான். அரையிறுதியில் கடைசி ஓவரில் எதிரணிக்கு 7 ஓட்டம் தேவைப்பட்டபோது 4 மட்டும் கொடுத்து நம்மை இறுதிக்குக் கொண்டுவந்த ஓவரும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. அதற்கு வீடியோ இல்லை. யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை மாலை சோளகக் காற்று எப்படி அடித்தது என்று கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஓவரை யார் வீசுவது என்று தலைவர் சுற்றிப் பார்த்தபோது நம் பெரிய பந்துவீச்சாளர்கள் இரண்டு பேர், ஒருவருக்குத் தோள் வலி, மற்றவர் எல்லைக்கோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாம் பந்தலுக்குள் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தப் பிள்ளை கேட்காமலே வந்து பந்தை வாங்கினார்.

விருது யோசனை சொன்ன சகோதரர்களுக்கு: விருதை வையுங்கள். தேங்காய்க்குப் பதிலாக ஒரு நல்ல சோடி சப்பாத்து வாங்குவோம், பாதிக் காசு நாம் தருகிறோம். பெயரை மட்டும் 'அதிக ஓவர் வீசியவர்' என்று மாற்றிக்கொள்வோம். வீடியோவை வைத்திருப்பவர்கள் அழித்துவிட்டால் நல்லது. நம் போனிலிருந்து அழித்துவிட்டோம்.

தம்பி, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தில் இருப்போம். ஸ்கோர் கொப்பியும் கையில் இருக்கும். பந்து இரண்டு புதிதாக வாங்கியிருக்கிறோம்.